ஐந்து மேட்ச் பாக்கி, கோச்சை மாற்றலாமா?

கேள்வி: எங்கள் பகுதிக் கால்பந்து கிளப்பின் செயற்குழுவில் நானும் ஒருவன். நகர லீக்கில் ஆடுகிறோம். இந்த சீசனில் ஒன்பது மேட்சில் இரண்டு டிரா, ஏழு தோல்வி. இன்னும் ஐந்து மேட்ச் பாக்கி. கடைசி இரண்டு இடத்தில் முடித்தால் ஒரு டிவிஷன் கீழே இறங்கிவிடுவோம். கோச்சை உடனே மாற்ற வேண்டும் என்று தலைவர் பிடிவாதமாக இருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை கூட்டம். ஏழு பேரில் மூன்றுக்கு மூன்று என்று நிற்கிறது. என் ஓட்டுதான் முடிவு. எனக்குப் பந்து உதைக்கக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். இரண்டு வருஷத்துக்கு முன் எங்களை இந்த டிவிஷனுக்கு ஏற்றியவரும் அவர்தான். நான் ஓட்டுப் போடாமல் ஒதுங்கிவிடலாமா? (பின்குறிப்பு: சீசனுக்கு முன் எங்கள் ஸ்ட்ரைக்கர்கள் இரண்டு பேர் போய்விட்டார்கள். ஒருவனுக்கு துபாயில் வேலை, இன்னொருவனுக்கு ரயில்வேயில்.)
– பெயர் வேண்டாம், வட சென்னை

அன்புள்ள நண்பருக்கு,

துபாய்க்கும் ரயில்வேக்கும் போன அந்த இரண்டு பையன்களைப் பின்குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். போன சீசன் ஸ்கோர் நோட்டை எடுத்து, அந்த இருவரும் அடித்த கோல்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். அந்தக் கோல்களைக் கழித்துவிட்டால் போன வருஷமே நீங்கள் எந்த இடத்தில் இருந்திருப்பீர்கள்? கூட்டத்தில் தலைவரிடம் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்.

என் பதிலைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இப்போது மாற்ற வேண்டாம். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நேரில் பார்த்து உறுதிசெய்துகொண்டு, அவருக்கே ஓட்டுப் போடுங்கள். அது என்னவென்று பிறகு சொல்கிறேன்.

நம்ம ஊர் கால்பந்து கிளப்பான சென்னையின் எஃப்சி கதை உங்களுக்கு நன்றாக நினைவிருக்கும். ஜான் கிரெகரி கோச்சாக வந்த முதல் சீசனிலேயே, 2017-18இல், ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பை. அடுத்த சீசனில் 18 மேட்சில் இரண்டே வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம். அப்போதும் நிர்வாகம் அவரை வைத்துக்கொண்டது. 2019-20இல் முதல் ஆறு மேட்சில் ஒரே ஒரு வெற்றி. நவம்பர் கடைசியில் அவர் விலகினார். ஓவன் கோய்ல் வந்தார். அதே டீம் 29 புள்ளியோடு நான்காம் இடம் பிடித்து, அரையிறுதியில் கோவாவை வெளியேற்றி, ஃபைனல் வரை போனது. கொரோனா பயத்தில் காலி ஸ்டேடியத்தில் நடந்த அந்த ஃபைனலில் கொல்கத்தா கிளப்பான ஏடிகேவிடம் 3-1 என்று தோற்றது.

உங்கள் தலைவர் இந்தக் கதையை நிச்சயம் எடுப்பார். எடுக்கட்டும். கோய்ல் வந்து சேர்ந்தபோது டிரெஸ்ஸிங் ரூமில் யார் இருந்தார்கள்? அந்த சீசனில் 15 கோல் அடித்த வால்ஸ்கிஸ் இருந்தார். கிரிவெல்லாரோ இருந்தார், ஷெம்ப்ரி இருந்தார். மூன்று பேருமே கிரெகரி இருக்கும்போது வந்தவர்கள். அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் வீட்டில் இருந்தது; சமைக்கிற கை மாறியது, ருசி மாறியது. உங்கள் வீட்டில் இப்போது அரிசியே இல்லை.

கோச்சை மாற்றினால் டீம் உடனே ஜெயிக்கத் தொடங்கிவிடும் என்ற நம்பிக்கை எல்லா ஊரிலும் இருக்கிறது. பார்த்தால் உண்மை போலவே தெரியும். நெதர்லாந்துப் பொருளாதார அறிஞர் பாஸ் டெர் வீல் அந்த நாட்டு முதல் டிவிஷனின் 18 சீசன்களை எடுத்து ஆராய்ந்தார். கோச்சை நீக்கிய கிளப்புகள் அதன் பிறகு மேலே வந்தது நிஜம்தான். ஆனால் அதே மாதிரி சரிந்தும் கோச்சை நீக்காமல் விட்ட கிளப்புகளும் ஏறக்குறைய அதே மாதிரி மேலே வந்திருந்தன. ஒரு டீம் வரிசையாகத் தோற்கும்போது அதில் சொந்தத் தப்பும் இருக்கும், போஸ்டில் பட்டுத் திரும்பிய பந்தும் இருக்கும், கடைசி நிமிஷத்தில் கொடுத்த பெனால்டியும் இருக்கும். பந்து எப்போதும் போஸ்டில் பட்டு வெளியே போய்க்கொண்டே இருக்காது. அது உள்ளே விழத் தொடங்கும் நேரத்தில் பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ, பேர் அவருக்கு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

அப்படியானால் மாற்றவே கூடாதா என்று கேட்பீர்கள். மாற்றியே தீர வேண்டிய நேரமும் உண்டு. லெஸ்டர் சிட்டியை நினைத்துப் பாருங்கள். 2016இல் யாரும் எதிர்பார்க்காமல் இங்கிலீஷ் பிரீமியர் லீக்கை ஜெயித்த டீம். ஒன்பதே மாதத்தில், 2017 பிப்ரவரியில், ஜெயித்துக் கொடுத்த கிளாடியோ ரனியேரியை வெளியே அனுப்பிவிட்டார்கள். எனக்கு அன்று வயிறு எரிந்தது. நன்றி கெட்டவர்கள் என்று வீட்டில் கத்தினேன். ஆனால் கணக்கைப் பார்த்தால், அந்த வருஷம் பிறந்ததிலிருந்து லீக்கில் அவர்கள் ஒரு கோல்கூட அடித்திருக்கவில்லை. தொடர்ந்து ஐந்து லீக் தோல்வி. அவரை நீக்கிய நான்காம் நாள் லிவர்பூலுடன் மேட்ச். புதிதாக ஒரு ஆளும் வரவில்லை. கோச் பொறுப்பில் ரனியேரியின் உதவியாளராக இருந்த கிரெய்க் ஷேக்ஸ்பியர். லெஸ்டர் 3-1 என்று ஜெயித்தது. ஜேமி வார்டி இரண்டு கோல் அடித்தார். அன்று அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்ததும் என் கோபம் கொஞ்சம் இறங்கிவிட்டது. இத்தனை நாள் இந்தக் கால்கள் எங்கே போயிருந்தன என்று தோன்றியது. தொடர்ந்து ஐந்து லீக் மேட்ச் ஜெயித்து, கடைசியில் 12ஆம் இடத்தில் முடித்தார்கள்.

நீங்கள் நேரில் பார்க்க வேண்டிய விஷயம் இதுதான். உங்கள் பையன்கள் அவருக்காக இன்னும் ஓடுகிறார்களா? கூட்டத்துக்கு முன் இரண்டு நாள் பிராக்டிஸுக்குப் போங்கள். நாற்காலி போட்டு உட்கார வேண்டாம், சும்மா ஓரமாக நில்லுங்கள். பந்து பறிபோன அந்த நொடியில் விங்கில் ஆடுகிற பையனைப் பாருங்கள். இடுப்பில் கை வைத்து நின்றுவிடுகிறானா, திரும்பி ஓடி வருகிறானா? கோச் பேசும்போது சீனியர்களின் கண் அவர்மேல் இருக்கிறதா, ஷூ லேஸில் இருக்கிறதா? ஆறு மணி பிராக்டிஸுக்கு ஆறரைக்கு வருபவன், வந்ததும் அவரிடம் போய் ஒரு வார்த்தை சொல்கிறானா? எல்லாம் முடிந்த பிறகு கோன்களை யார் பொறுக்குகிறார்கள் என்றும் பாருங்கள். பையன்கள் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தால் பயம் இல்லை. வெளிச்சம் போன மைதானத்தில் அவர் மட்டும் தனியாகக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தால், டீம் அவர் கையை விட்டுப் போய்விட்டது என்று அர்த்தம். அப்போது என் பதிலும் மாறும்.

மாறினாலும் அடுத்த கேள்வி நிற்கிறது. யார் வருவார்? உங்கள் கடிதத்தில் அப்படி ஒருவரைப் பற்றிய பேச்சே இல்லை. தலைவர் மனதில் யாராவது இருக்கிறாரா, இல்லை, முதலில் இவர் போகட்டும் என்ற கோபம் மட்டும்தானா? அதே இங்கிலீஷ் லீக்கில், 2022-23இல் ஆஸ்டன் வில்லா அக்டோபரில் ஸ்டீவன் ஜெரார்டை நீக்கிவிட்டு உனாய் எமெரியைக் கொண்டுவந்தது. அவருக்கு 25 மேட்ச் கிடைத்தது. கீழே கிடந்த டீம் ஏழாவது இடத்தில் முடித்தது. அதே சீசனில் லீட்ஸ் யுனைடெட் பிப்ரவரியில் ஜெஸ்ஸி மார்ஷை நீக்கியது, மே மாதம் ஹாவி கிராசியாவை நீக்கியது, நாலே மேட்ச் மிச்சமிருக்கும்போது சாம் அல்லர்டைஸைக் கூப்பிட்டது. நாலு மேட்சில் ஒரே புள்ளி. டிவிஷன் இறங்கிவிட்டார்கள். அந்த வருஷம் இறங்கிய மற்ற இரண்டு கிளப்புகளான லெஸ்டரும் சவுதாம்ப்டனும்கூட நடுவில் கோச்சை மாற்றியவைதான். மாற்றித் தப்பியவர்களும் உண்டு, எவர்டன் மாதிரி. ஸ்டீவ் கூப்பரை விடாமல் வைத்துக்கொண்டு தப்பியது நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட். உங்களிடம் இருப்பது ஐந்து மேட்ச். புதிதாக வருபவர் பையன்களின் பெயரைத் தெரிந்துகொள்ளவே இரண்டு மேட்ச் போய்விடும்.

மான்செஸ்டர் யுனைடெட் கோச்சாக இருந்த அலெக்ஸ் பெர்குசன் கதையைக் கூட்டத்தில் எடுக்காதீர்கள். 1989 டிசம்பரில் சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் அவரைப் போகச் சொல்லி பேனர் பிடித்தது, அடுத்த மாதம் அவர் வேலையைக் காப்பாற்றியதாகச் சொல்லப்படும் மார்க் ராபின்ஸ் அடித்த கோல், அந்த வருஷம் எஃப்ஏ கோப்பை, அப்புறம் 13 லீக் பட்டம் – எல்லாம் எனக்கும் உயிரான கதைதான். ஆனால் பொறுமையாக வைத்திருந்தும் தேறாமல் போன கோச்சுகளின் கதையை யாரும் சொல்வதில்லை. தலைவர் அதைச் சொல்லி மடக்கினால் உங்களிடம் பதில் இருக்காது. ஸ்கோர் நோட்டோடு போங்கள், அது போதும்.

ஒதுங்கிவிடலாமா என்று கேட்டீர்கள். கூடாது. அவர் உங்கள் குரு என்பது குழுவில் எல்லாருக்கும் தெரியும். கூட்டம் ஆரம்பித்ததுமே நீங்களே அதைச் சொல்லிவிட்டு, பிறகு நோட்டைத் திறங்கள். அதற்கு முன் அவரிடமும் போய் உட்கார்ந்து, இந்த ஐந்து மேட்சுக்கு என்ன யோசித்திருக்கிறீர்கள் அண்ணே என்று கேளுங்கள். கோல் அடிக்க ஆள் இல்லாத டீம் கோல் வாங்காமல் இருக்க என்ன செய்யப் போகிறது, கார்னரையும் ஃப்ரீ கிக்கையும் எப்படிப் பயன்படுத்தப் போகிறது, ஜூனியர் டீமில் இருந்து யாரை ஏற்றலாம் – இதற்கெல்லாம் அவரிடம் பதில் இருந்தால் கூட்டத்தில் அதையும் வையுங்கள். கை விரித்தார் என்றால், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

என் இருபது வயதில் எங்கள் ஊர் டீமில் கோச்சை நீக்கினார்கள். அவரிடம் யாரும் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் வழக்கம்போல பந்துப் பையை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார். மைதானத்தில் வேறொருவர் விசில் ஊதிக்கொண்டிருந்தார். நாங்கள் பதினெட்டுப் பேர் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம். அவர் பையை அவிழ்த்து கோல் போஸ்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே போனார். அதில் இரண்டு பந்து அவர் சொந்தக் காசில் வாங்கியவை.

ஞாயிற்றுக்கிழமை முடிவு எந்தப் பக்கம் வந்தாலும், வாட்ஸ்அப் குரூப்பில் யாரும் போடுவதற்கு முன் நீங்கள் அவர் வீட்டுக்குப் போய்விடுங்கள்.