மஞ்சள் கேப்சூல் கல்லீரல் கொழுப்பைக் கரைக்குமா?

கேள்வி: என் கணவருக்கு 48 வயது, மன்னார்குடியில் உரக்கடை வைத்திருக்கிறார். ஸ்கேனில் ‘ஃபேட்டி லிவர் கிரேடு 1’ (ஆரம்ப நிலைக் கொழுப்புக் கல்லீரல்) என்று வந்தது. மஞ்சள் சத்தும் மிளகுச் சத்தும் சேர்ந்த கேப்சூல் 60 நாளில் கொழுப்பைக் கரைத்துவிடும் என்று கொழுந்தனார் ஆன்லைனில் வரவழைத்துவிட்டார். விலை 1,850 ரூபாய். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். டப்பாவைப் பிரிக்கவும் வேண்டாம், பிரித்தால் திருப்பி அனுப்புவது சிரமம்.

மஞ்சளில் உள்ள குர்குமின் கல்லீரல் கொழுப்பைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று சில சிறிய ஆய்வுகள் சொல்வது உண்மைதான். ஆனால் குழம்பில் போடும் மஞ்சள் வேறு, இது வேறு. மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். 500 மில்லிகிராம் குர்குமின் உள்ள ஒரு கேப்சூல் ஏறக்குறைய 16 கிராம் மஞ்சள் தூளுக்குச் சமம், அதாவது ஐந்து தேக்கரண்டி. எந்த வீட்டில் அப்படிக் குழம்பு வைக்கிறார்கள்? போதாததற்கு, மிளகிலுள்ள பைப்பரின் சேர்ந்தால் உடம்பு குர்குமினைப் பல மடங்கு உறிஞ்சிக்கொள்கிறது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் 1998 ஆய்விலேயே இது தெரிந்துவிட்டது. விளம்பரத்தில் பெருமையாகப் போடுவதும் இதைத்தான், வில்லங்கமும் இதில்தான். இத்தகைய மாத்திரைகளால் கல்லீரல் அழற்சி வந்தவர்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் உண்டு.

டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணைய) உரிம எண் இருந்தால் அது உணவுத் துணைப்பொருள், மருந்தல்ல. ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். நோயைக் குணமாக்கும் என்று சொல்லி அதை விற்கவே கூடாது.

வரப்போரக் கீழாநெல்லியை மஞ்சள் காமாலைக்குக் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம், கொழுப்புக் கல்லீரலுக்கு அது போதுமான சான்றாகாது. மணத்தக்காளிக் கீரையைத் தாராளமாகச் சமையுங்கள், ஆனால் மருந்தென்று நினைத்து அல்ல. கல்லீரல் கொழுப்பை நிச்சயமாகக் குறைப்பது எடைக் குறைப்புதான். 80 கிலோ இருந்தால் 4 கிலோ இறங்கினாலே பலன் தெரியும். மூன்று வேளையும் சோறு, இட்லி என்று போகும் தட்டில் பாதியைக் காய்க்கு விடச் சொல்லுங்கள். காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் நோய் குறைவு என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன, டிகிரி காபிப் பிரியர்களுக்கு நல்ல செய்தி. சர்க்கரையை மட்டும் விட்டுவிட வேண்டும்.

அப்புறம், விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் பில்லையும் அந்த ‘60 நாள்’ விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள்.