தையல் பழக எந்த மெஷின்?

கேள்வி: சுடிதார் டாப், மகளுக்குப் பாவாடை சட்டை எல்லாம் நானே தைத்துப் போட ஆசை. தொழிலாகச் செய்யும் எண்ணம் இல்லை. ஆன்லைனில் 1,500 ரூபாய்க்கு ஒரு குட்டி மெஷின் பார்த்தேன். கடையில் போய்க் கேட்டால், இருபது டிசைன் போடும் என்று 15,000 ரூபாய் மெஷினைக் காட்டுகிறார்கள். எதை வாங்கலாம்? - வாசகி, திருச்சி

பதில்: இரண்டும் வேண்டாம்.

குட்டி மெஷின் பேட்டரியிலோ சின்ன அடாப்டரிலோ ஓடுவது. மெல்லிய காட்டனில் நேராக ஓட்டலாம், அவ்வளவுதான். பாவாடையின் இடுப்புப் பட்டி மாதிரி நாலு மடிப்பு சேரும் இடத்தில் திணறும், நூல் சிக்கும். புதிதாகப் பழகுபவருக்கு, தப்பு தன் கையிலா மெஷினிலா என்றே தெரியாது. பலர் தையலை விடுவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

டிசைன் எண்ணிக்கையிலும் மயங்க வேண்டாம். ஆடை தைக்க நேர் தையல், பிசிறு கட்ட ஜிக்ஜாக், பட்டன்ஹோல் போதும். பூவும் இலையும் முதல் மாதம் போட்டுப் பார்ப்பதோடு சரி.

என் ஓட்டு, பழைய கறுப்புக் கால் மெஷினுக்கு. மெஷின் ரிப்பேர் செய்யும் கடைகளில் சரிபார்த்து விற்பார்கள். இரும்பு உடம்பு, தைக்கும்போது நகராது. காலால் மிதிப்பதால் வேகம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். கை பழகியதும் மோட்டார் மாட்டிக்கொள்ளலாம். நேர் தையல் மட்டும்தான் வரும். ஓரம் அடிக்கத்தான் ஓவர்லாக் கடைகள் இருக்கின்றனவே! வீட்டில் இடம் இல்லையென்றால், ஜிக்ஜாக் உள்ள சாதாரண எலக்ட்ரிக் மெஷின் வாங்குங்கள். உஷாவா, சிங்கரா, பிரதரா என்பதைவிட, சர்வீஸுக்கு உங்கள் ஊரில் ஆள் உண்டா என்பதுதான் முக்கியம்.

கடைக்குப் போகும்போது பழைய பெட்ஷீட் துண்டு ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். கடைக்காரர் வைத்திருக்கும் மொடமொடப்பான துணியில் எந்த மெஷினும் நன்றாகத்தான் தைக்கும். உங்கள் துணியை நாலாக மடித்துத் தைத்துப் பாருங்கள். மேலும் கீழும் தையல் ஒன்றுபோல விழ வேண்டும். கீழ் நூல் சுற்றும் பாபின் மெஷினுக்கு மெஷின் மாறும், அதனால் உதிரியாக நாலைந்து அங்கேயே வாங்கிவிடுங்கள். ஊசி, சாதாரணக் காட்டனுக்கு 14-ம் நம்பர், மெல்லிய துணிக்கு 11, ஜீன்ஸுக்கு 16.

தையல் கூலி மிச்சம் என்று மட்டும் இப்போதைக்குக் கணக்குப் போடாதீர்கள். முதலில் கொஞ்சம் துணி வீணாகத்தான் செய்யும். தலையணை உறை, உள்பாவாடை என்று பாப்ளினில் தொடங்குங்கள். காட்டன் துணியை நனைத்துக் காயவைத்து அப்புறம் வெட்டுங்கள், சுருங்குவது முதலிலேயே சுருங்கிவிடும். பன்னா, அதாவது துணியின் அகலம், 36 இன்ச்சா 44 இன்ச்சா என்று கேட்காமல் மீட்டர் சொல்லாதீர்கள்.

கேள்வி: வாரண்டி இருக்கும்போதே மெஷினின் மோட்டார் போய்விட்டது. கடைக்காரர் கம்பெனியிடம் போகச் சொல்கிறார், கம்பெனியில் ஆள் அனுப்புவதாகச் சொல்லியே நாளைக் கடத்துகிறார்கள். என்ன செய்வது? - வாசகர், சேலம்

பதில்: இனி போனில் மட்டும் பேசாதீர்கள். இருவருக்கும் எழுத்தில் புகார் அனுப்பி, நகலை பில்லோடு சேர்த்து வையுங்கள். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லுங்கள். அதிலும் தீரவில்லை என்றால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இருவர் மீதும் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை தொடங்கியதிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.