சிரியாவுல அமெரிக்கா ஆயுதம் குடுத்த ரெபல்ஸ்கூட அல் காய்தா ஆளுங்களும் சேர்ந்து சண்டை போட்டாங்களாமே, இது தெரியாமலா குடுத்தாங்க?

தெரியாம எல்லாம் இல்லங்க, நல்லாவே தெரியும். ஜபத் அல் நுஸ்ராவை, இது ஈராக் அல் காய்தாவோட இன்னொரு பேருதான்னு சொல்லி, அமெரிக்கா 2012 டிசம்பர்லயே தீவிரவாத லிஸ்ட்ல போட்டாச்சு. அப்ப சிரிய அதிபரா இருந்த அசாத்தை எதிர்த்த ரெபல்ஸுக்கு ஆயுதம் குடுக்குற சிஐஏவோட ரகசியத் திட்டத்துக்கு ஒபாமா ஓகே சொன்னது 2013ல. அதாவது நுஸ்ரா யாருன்னு தெளிவா தெரிஞ்சுக்கிட்டு, அவங்க கைக்குப் போகக்கூடாதுன்னு ஆளுங்களை விசாரிச்சு வடிகட்டித்தான் குடுத்தாங்க. ஆனா அந்த வடிகட்டல்ல "வாங்குறவன் நல்லவனா"ங்கிறதைத்தான் பாத்தாங்க, அவன் யாரு பக்கத்துல நின்னு சண்டை போடுறான், நாளைக்கு அவன் தோத்துட்டா இந்தப் பொருள் யாரு கைக்குப் போகும்னு பாத்த மாதிரி தெரியல. என்னைக் கேட்டா மொத்தப் பிரச்சனையும் அங்கதான் இருக்கு.

ஹரகத் ஹஸ்ம்னு ஒரு குழு, டாங்கியை அடிக்கிற டோ ஏவுகணை முதல்ல கிடைச்சவங்கள்ல ஒருத்தங்க, 2014ல. அமெரிக்கா ரொம்ப நம்பின குழு. கணக்கு வழக்கெல்லாம் செம ஸ்ட்ரிக்ட், ஒரு ஏவுகணை சுட்டா அதை வீடியோ எடுக்கணும், காலி குழாயைத் திருப்பிக் குடுக்கணும், அப்பதான் அடுத்தது வரும். அந்த சமயத்துல யூடியூப்ல டோ வீடியோவா கொட்டிக்கிட்டு இருந்ததுக்கு இதுதான் காரணம், விளம்பரத்துக்கு எடுத்ததுன்னு பல பேர் நினைச்சாங்க, அது பில்லு காட்டுற மாதிரி. சரி, இவ்வளவு கவனமா இருந்து என்ன ஆச்சு? 2015 பிப்ரவரி கடைசியில நுஸ்ரா அலெப்போவுக்கு மேற்கே இருந்த அவங்க தளத்து மேல ஏறி அடிச்சுப் புடிச்சுட்டாங்க, அடுத்த நாளே ஹஸ்ம் குழுவையே கலைச்சாச்சு. உள்ள இருந்த ஆயுதத்தை நுஸ்ரா ஆளுங்க போட்டோ எடுத்துப் போட்டாங்க. அந்தக் குழுவுக்கு பலம் பத்தல, அவ்வளவுதான்.

இதைவிட யோசிக்க வைக்கிறது இட்லிப் விஷயம் (ஊரு பேருங்க, சாப்பாடு இல்ல). 2015 மார்ச்ல அந்த நகரத்தைப் புடிச்சது நுஸ்ராவும், அஹ்ரார் அல் ஷாம்னு இன்னொரு இஸ்லாமிய ஆயுதக் குழுவும் முன்னாடி நின்ன கூட்டணி. அடுத்தடுத்த வாரங்கள்ல அதே மாகாணத்துல நடந்த சண்டைகள்ல, அமெரிக்க ஏவுகணை வச்சிருந்த குழுக்கள் தூரத்துலேர்ந்து அசாத் டாங்கிங்களை உடைச்சுக் குடுத்தாங்க, உள்ள புகுந்து ஊரைப் புடிச்சவங்க மத்தவங்க. ஒரு ஏவுகணைகூட நுஸ்ரா கைக்குப் போகலைன்னே வச்சுக்குவோம், ஜெயிச்சது யாரு? ஊரை ஆண்டது யாரு?

அப்புறம் ஆளை சோதிச்சு எடுக்குறதுங்கிறது அன்னைக்கு அவன் எப்படி இருக்கான்னு மட்டும்தான் சொல்லும். நூருத்தீன் அல் ஸெங்கின்னு ஒரு குழு, அவங்களும் ஒரு காலத்துல அமெரிக்க உதவி வாங்கினவங்கதான், 2016 ஜூலைல அலெப்போவுல ஒரு சின்னப் பையன் தலையை வெட்டுற வீடியோவுல வந்தாங்க. அடுத்த ஜனவரில நுஸ்ராவோட புது வடிவமான ஹெச்டிஎஸ்ல போய் சேர்ந்தாங்க, அப்புறம் சில மாசத்துல வெளிய வந்தாங்க, அது தனிக் கதை.

பென்டகன் தனியா ஒரு திட்டம் நடத்துச்சு, 50 கோடி டாலர். அசாத் மேல கை வைக்காதே, ஐஎஸ் தீவிரவாதிங்களை மட்டும் அடின்னு கண்டிஷன், வீட்டை அசாத் குண்டு போட்டு இடிச்சவன் எப்படி இதுக்கு வருவான்? 2015 செப்டம்பர்ல அந்த வட்டார அமெரிக்கப் படைத் தளபதி ஜெனரல் லாயிட் ஆஸ்டின் செனட்ல உக்காந்து, பயிற்சி எடுத்தவங்கள்ல களத்துல இப்ப இருக்குறது நாலு அஞ்சு பேருன்னு சொன்னார். அதே மாசம் பயிற்சி எடுத்துட்டு உள்ள போன அடுத்த செட்டு, வழி விடுறதுக்காக 6 பிக்கப் வண்டியையும் கொஞ்சம் குண்டுகளையும் நுஸ்ரா சம்பந்தப்பட்ட இடைத்தரகர்கிட்ட குடுத்துட்டாங்க, அமெரிக்க ராணுவமே ஒத்துக்கிட்ட விஷயம் இது.

அடுத்தது நடுவுல இருக்குற நாடுங்க. பணம் குடுக்குறவன் எங்கேயோ இருப்பான், பொருளைப் பிரிச்சுக் குடுக்குறவன் எல்லையில இருப்பான், அவனுக்குன்னு ஒரு கணக்கு இருக்கும். ஆஃப்கானிஸ்தான்ல 80கள்ல சிஐஏ பணத்தை யாருக்கு எவ்வளவுன்னு முடிவு பண்ணது பாகிஸ்தானோட ஐஎஸ்ஐ, அதுல பெரிய பங்கு அமெரிக்காவையே கண்டபடி திட்டிக்கிட்டு இருந்த ஹெக்மத்யார்ங்கிற ஆஃப்கன் போராளித் தலைவருக்கு. அதே ஹெக்மத்யார் அப்புறம் காபூல் மேல ராக்கெட்டா பொழிஞ்சார், 2003ல அமெரிக்கா அவரையே தீவிரவாதின்னு அறிவிச்சுது. சிரியாவுக்குன்னு ஜோர்டானுக்கு வந்த ஆயுதத்தை அந்த நாட்டு உளவுத்துறை ஆளுங்களே திருடி கள்ளச் சந்தையில வித்ததா 2016ல செய்தி வந்துச்சு. அதுல ஒரு பகுதிதான் 2015 நவம்பர்ல அம்மான் போலீஸ் பயிற்சி மையத்துல நடந்த துப்பாக்கிச்சூட்டுல பயன்பட்டுச்சுன்னு எஃப்பிஐ தரப்புல நம்புறதாவும் அதே செய்தி சொல்லுச்சு. செத்தவங்க அஞ்சு பேர்ல ரெண்டு பேர் அமெரிக்கர்கள்.

அதுக்காக சும்மா கைகட்டி நின்னிருக்கணும்னு நான் சொல்ல வரல. 2013 ஆகஸ்ட்ல டமாஸ்கஸ் பக்கத்துல கூத்தாவுல அசாத் தரப்பு விஷவாயு அடிச்சு மக்களைக் கொன்னாங்க, அப்ப யாரும் ஒண்ணும் பண்ணலைங்கிற கோபத்துல பல பசங்க நுஸ்ரா பக்கம் போனாங்க. சம்பளமும் குண்டும் எங்க இருக்கோ அங்கதான் ஆளு போவான், மிதமான குழுவைப் பட்டினி போட்டாலும் லாபம் தீவிரவாதிக்குத்தான். ஒழுங்கா வேலை செஞ்சதுன்னு பாத்தா எஸ்டிஎஃப், குர்து தலைமையில இருந்த படை, 2017 அக்டோபர்ல ரக்காவை ஐஎஸ்கிட்டேர்ந்து புடிச்சவங்க. ஆனா துருக்கி கண்ணுக்கு அவங்க பிகேகே, அதாவது துருக்கியை எதிர்த்து ஆயுதம் தூக்கின குர்து தீவிரவாதிங்க. பிகேகே அமெரிக்காவோட சொந்த லிஸ்ட்லயும் இருக்கு!

லிஸ்ட்னு சொன்னதும் ஞாபகம் வருது. நுஸ்ராவை ஆரம்பிச்ச ஜூலானி தலைக்கு அமெரிக்கா 1 கோடி டாலர் வச்சிருந்துச்சு. 2024 டிசம்பர்ல அசாத் ஆட்சியைக் கவுத்துட்டு அவர் தலைநகர் டமாஸ்கஸ்ல நுழைஞ்சார், அந்த மாசமே பரிசை எடுத்தாச்சு, 2025 நவம்பர்ல அஹ்மத் அல் ஷராங்கிற பேர்ல சிரிய அதிபரா வெள்ளை மாளிகைக்கே போய் வந்தார். அப்ப முன்னாடி பயந்தது வீணான்னு கேட்டா, 2025 மார்ச்ல கடலோரத்துல, அசாத்தோட பிரிவான அலவி மக்களைப் புது அரசு பக்கத்து ஆயுத ஆளுங்க கொத்துக் கொத்தா கொன்னதைப் பாத்தவங்க அப்படி சொல்ல மாட்டாங்க.

ஒரே ஒரு இடத்துல மட்டும் அமெரிக்கா பழசை மறக்கலைன்னு தோணுது. ஆஃப்கானிஸ்தான்ல 1986லேர்ந்து தோள்ல வச்சு விமானத்தை அடிக்கிற ஸ்டிங்கரை ஆயிரக்கணக்குல குடுத்துட்டு, 90கள்ல பயணிகள் விமானத்தை யாராவது அடிச்சுடுவானோன்னு பயந்து, சிஐஏ அதையே காசு குடுத்துத் திருப்பி வாங்க அலைஞ்சது. சிரிய ரெபல்ஸ் வானத்துலேர்ந்து குண்டு விழுதுன்னு எவ்வளவு கெஞ்சியும் அந்த வகை ஏவுகணையை மட்டும் குடுக்கவே இல்ல. அதனால எத்தனை பொதுமக்கள் விமானத் தாக்குதல்ல செத்தாங்கன்னு நினைச்சா கஷ்டமா இருக்கு, ஆனாலும் அந்த முடிவைத் தப்புன்னு என்னால சொல்ல முடியல. ஹஸ்ம் தளத்துல டோவுக்குப் பதிலா அது அடுக்கி வச்சிருந்திருந்தா?