கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி வளைப்பது: ஆய்வுகூடக் கேள்விகளும் பதில்களும்

வன்னிப் பாடசாலைகளில் விஞ்ஞான ஆய்வுகூடத்தோடு மல்லுக்கட்டுகிற ஆசிரியர்களும் பிள்ளைகளும் கேட்டவை இவை. நான் ஆய்வுகூட உதவியாளராக வேலை செய்தவன், கண்ணாடி ஊதுகிற தொழிற்காரன் அல்ல. குழாய் வெட்டுவது, வளைப்பது, நுனி இழுப்பது என்று பாடசாலைக்குத் தேவையான அளவுக்குத்தான் சொல்ல வரும்.

மல்லாவியிலிருந்து ஓர் ஆசிரியை: சேர், எங்களிடம் காஸ் இல்லை, மதுசார விளக்குத்தான். அதில் குழாய் வளையுமா?

வளையும் டீச்சர், ஆனால் போத்தல் செய்கிற சாதாரண வகையான சோடாக் கண்ணாடியாக, மெல்லியதாக இருக்க வேண்டும், விட்டமும் 5, 6 மில்லிமீற்றருக்கு மேல் போகக் கூடாது. சோடாக் கண்ணாடி இளக ஏறத்தாழ 700 பாகை செல்சியஸ் வேண்டும், மதுசாரச் சுடரில் அந்தச் சூடு மெதுவாகத்தான் ஏறும். திரியைக் கொஞ்சம் உயர்த்திவிட்டு, குழாய் திரியில் முட்டாமல் சுடரின் மேல்பாதியில் பிடியுங்கள். பெரிய தொல்லை காற்று. நம் பக்கத்து வகுப்பறைகள் பல அரைச்சுவர், சோளகம் எழும்பினால் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துவிடும், சூடான குழாயில் அந்தக் காற்றுப் பட்டால் குழாய் வெடிக்கவும் செய்யும். மூன்று பக்கமும் தகரம் வைத்து மறையுங்கள், காட்போட் வேண்டாம். இன்னொன்று, பகல் வெளிச்சத்தில் மதுசாரச் சுடர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அணைந்துவிட்டதென்று நினைத்து எரிகிற விளக்கில் மதுசாரம் ஊற்றப் போனால் கையிலிருக்கிற போத்தலே பற்றிக்கொள்ளும். மூடியால் மூடி அணைத்து, விளக்கு நன்றாக ஆறின பிறகுதான் நிரப்ப வேண்டும். மதுசாரப் போத்தல் அந்த மேசையிலேயே இருக்கக் கூடாது.

மாங்குளம், உயர்தர மாணவி: அலுமாரியில் பழைய குழாய்கள் எல்லாம் கலந்து கிடக்கின்றன சேர். எது சோடா, எது பைரெக்ஸ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நல்ல கேள்வி பிள்ளை, இதை ஒருவரும் கேட்பதில்லை. ஒரு சின்ன முகவையில் கிளிசரின் ஊற்றிக் குழாயின் துண்டொன்றை அதற்குள் இறக்கிப் பாருங்கள், குழாயின் உள்ளேயும் கிளிசரின் ஏற வேண்டும். பைரெக்ஸ் வகைப் பொரோசிலிக்கேற்று, அதாவது சூடு தாங்குகிற கண்ணாடி என்றால் அமிழ்ந்த பகுதி அப்படியே மாயமாகிவிடும், விளிம்பு கூடத் தெரியாது. முறிவுச் சுட்டி என்பது ஒளியை ஒரு பொருள் எவ்வளவு வளைக்கிறது என்று சொல்கிற எண், கிளிசரினுக்கும் பைரெக்ஸுக்கும் அது கிட்டத்தட்ட 1.47, அதனால் ஒளி வளையாமல் நேரே போய்விடுகிறது. சோடாக் கண்ணாடிக்கு அது 1.52 அளவில், ஆகவே விளிம்பு தெரியும். பிரித்து எடுத்ததும் இரண்டு கட்டாகக் கட்டி, பெயர் எழுதி வையுங்கள். பொரோசிலிக்கேற்று இளக 820 பாகைக்குக் கிட்டப் போக வேண்டும், மதுசார விளக்கில் மணித்தியாலக் கணக்கில் பிடித்தாலும் வளையாது, காஸில் எரிகிற பன்சன் சுடரடுப்பிலும் சிரமம்தான். ஒன்றோடு மற்றதை உருக்கி ஒட்டவும் பார்க்காதீர்கள். சூட்டில் சோடாக் கண்ணாடி விரிகிற அளவு மற்றதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல், ஆறும்போது ஒட்டின இடத்தில் பிளந்துவிடும்.

வவுனியா, தரம் 10 மாணவன்: அண்ணை, வெறும் சாராயப் போத்தலை உருக்கி ஏதாவது செய்யலாமா?

வேண்டாம் தம்பி. போத்தலும் சோடாக் கண்ணாடிதான், ஆனால் தடிப்புக் கூட. சுடர் படுகிற பக்கம் விரியும், மற்றப் பக்கம் குளிர்ந்தே இருக்கும், முகத்துக்கு நேரே தெறிக்கும். எரிந்துபோன ரியூப் லைற்றும் வேண்டாம், அதற்குள் பாதரசம் இருக்கிறது. காணிக்குள் கிண்டும்போது கிடைத்த குழாய், குப்பி, உலோகத் துண்டு எதையும் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவரவே வேண்டாம், கையாலும் தொட வேண்டாம், பெரியவர்களிடம் சொல்லுங்கள். நம் மண்ணில் இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்று உங்கள் வீட்டில் கேட்டால் தெரியும்.

கிளிநொச்சி, புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியர்: குழாயை வெட்டும்போது கோணல்மாணலாக உடைகிறது. அரத்தால் நன்றாக அராவித்தான் பார்க்கிறேன்.

அராவுவதுதான் பிழை. மரவேலைக்காரர் வாள் தீட்டுகிற முக்கோண அரம் போதும், ஹாட்வெயார் கடையில் கிடைக்கும். குழாயை மேசையில் கிடத்தி, அரத்தின் விளிம்பை அழுத்தி, ஒரே ஒரு இழுவை. முன்னும் பின்னும் அறுக்கக் கூடாது, சுற்றிவரவும் கீறத் தேவையில்லை, சுற்றளவில் கால்வாசிக்கும் குறைவான ஒரு கீறல் விழுந்தால் சரி. கீறலில் ஒரு துளி தண்ணீர் வையுங்கள். பிறகு குழாயைத் துணியால் சுற்றி, கீறல் உங்களுக்கு எதிர்ப்பக்கமாகப் பார்க்க, இரண்டு பெருவிரல்களையும் கீறலுக்கு நேர் பின்னால் வைத்து, இரு பக்கமும் இழுத்தபடியே மெதுவாக மடக்குங்கள். ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பலம் போட வேண்டியிருந்தால் கீறல் போதாது, இன்னொரு தரம் அதே கோட்டில் கீறுங்கள். வெட்டின விளிம்பு பிளேட் மாதிரி இருக்கும், சுடரில் காட்டிச் சுற்றச் சுற்ற அது உருகி வழுவழுப்பாகும். அதிக நேரம் பிடித்தால் வாய் சுருங்கி அடைபட்டுவிடும்.

அதே ஆசிரியர்: வளைத்தால் வளைவு சப்பையாகி ஓட்டை அடைகிறது, அதற்கு என்ன செய்வது?

அவசரம்தான் காரணம். ஒரு புள்ளியை மட்டும் சூடாக்கினால் அந்த இடம் மடிந்துவிடும். 5, 6 சென்ரிமீற்றர் நீளம் முழுதும் இளக வேண்டும், அதற்குச் சுடரடுப்பின் வாயில் பொருத்துகிற மீன்வால் போன்ற அகன்ற மூடி உதவும், இல்லாவிட்டால் குழாயை இடம் வலமாக அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் மஞ்சள் சுடரில் காட்டிப் பதமாகச் சூடேற்றி, பிறகு சுடரடுப்பின் அடியில் காற்றுப் போகிற வளித்துவாரத்தைத் திறந்து நீலச் சுடருக்குப் போங்கள். இரண்டு கையாலும் ஒரே வேகத்தில் உருட்டுங்கள், ஒரு கை முந்தினால் குழாய் முறுகும். கொஞ்சத்தில் குழாயைச் சுற்றிச் சுடர் மஞ்சளாகும், அது கண்ணாடியிலிருக்கிற சோடியத்தின் நிறம். அதைப் பார்த்தவுடன் வளைக்கிறவர்கள்தான் பெரும்பாலும் கெடுக்கிறார்கள். இன்னும் பொறுங்கள். குழாய் தன் பாரத்துக்கே தொய்யத் தொடங்கும், கையில் அந்தத் தளர்வு தெரியும். அப்போது சுடரை விட்டு வெளியே எடுத்து, ஒரு கணம் விட்டு, இரு நுனிகளையும் மேல்நோக்கி ஒரே அசைவில் உயர்த்துங்கள். சுடருக்குள் வைத்து வளைக்கக் கூடாது. வேண்டிய கோணம் வந்ததும் அசையாமல் பிடித்திருங்கள்.

இங்கேயே முடிந்ததென்று பலர் மேசையில் வைத்துவிடுகிறார்கள். முடியவில்லை. வெளிப்பக்கம் முந்தி ஆறி இறுகும், உட்பக்கம் பிந்திச் சுருங்கும், அந்த இழுபறித் தகைப்பு கண்ணாடிக்குள்ளேயே இருந்துவிடும், நாளைக்கு ஒருவரும் தொடாமலே வெடிக்கலாம். வளித்துவாரத்தை மூடி, மஞ்சள் சுடரில் கரி படியும்வரை காட்டி, மெதுவாக ஆறவிட வேண்டும். காய்ந்த செங்கல்லின் மேல் வையுங்கள், ஈரமான கல்லில் வைத்தால் அந்த இடத்திலேயே பிளக்கும். பழைய ஆய்வுகூடங்களில் நடுவில் வெள்ளை வட்டம் உள்ள கம்பிவலைகள் இருக்கும், அந்த வட்டம் கல்நாராக (அஸ்பெஸ்ரஸ்) இருக்கலாம், உதிர்கிறதென்றால் பாவிக்காதீர்கள்.

ஒட்டுசுட்டான், பெற்றோர் ஒருவர்: இதில் பிள்ளைகளுக்குச் சூட்டுக்காயம்தானே பெரிய பயம்?

இல்லை அக்கா, என் கணக்கில் ஆறின கண்ணாடிதான் கூடப் பயம். குழாயை இறப்பர் அடைப்பானுக்குள் செருகும்போதுதான் கை கிழியும். துளை இறுக்கமாக இருக்கும், பிள்ளை வளைவில் பிடித்துத் தள்ளும், குழாய் முறிந்து நேரே உள்ளங்கைக்குள் ஏறும். ஒரு பக்கத்தால் நுழைந்து நரம்பை அறுத்தால் விரல் மடங்காமலே போகலாம். ஆகவே துளையிலும் குழாயிலும் கிளிசரின் பூச வேண்டும், இல்லையென்றால் சவர்க்காரத் தண்ணீர் ஆவது. இரண்டு கையிலும் தடித்த துணி. அடைப்பானுக்கு ஒட்டினாற்போல, ஒரு அங்குலத்துக்குள் குழாயைப் பிடித்து, தள்ளாமல் திருகித் திருகி ஏற்ற வேண்டும். அடைப்பானை உள்ளங்கையில் வைத்து மறுபக்கத்தை மறைக்கக் கூடாது. மாதக் கணக்கில் ஒட்டிப்போன பழைய குழாயை இழுத்துக் கழற்றவும் வேண்டாம், இறப்பரைக் கத்தியால் கீறி எடுங்கள், அடைப்பான் போனால் போகட்டும்.

சூட்டுக்காயம் ஏன் படுகிறதென்றால், சூடான கண்ணாடியும் ஆறின கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றுதான், இரும்பு மாதிரிச் சிவந்து காட்டாது. எடுக்கும் முன் புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்க்கப் பழக்குங்கள். அதோடு ஆறவைக்கிற செங்கல்லில் ‘சூடு’ என்று சோக்கால் எழுதி வையுங்கள்.

புதுக்குடியிருப்பு, தரம் 11 மாணவி: சுட்டுவிட்டால் பற்பசை பூசலாமா?

பூசாதீர்கள், நெய்யும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம். குழாய்த் தண்ணீர் இல்லாத பாடசாலையில் வேலை தொடங்கும் முன்பே வாளிகளில் தண்ணீர் நிரப்பி ஒரு செம்பும் வைத்திருங்கள், அள்ளி அள்ளி ஊற்றலாம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெட்டுக்குள் கண்ணாடித் துண்டு நின்றால் பிடுங்க வேண்டாம், அதைச் சுற்றி அழுத்திப் பிடித்தபடி கொண்டுபோங்கள்.

துணுக்காய், ஆசிரியை: பிள்ளைகளைச் செய்யவிடலாமா சேர், அல்லது நானே செய்து காட்டினால் போதுமா?

சாதாரண தரத்துக்கு நீங்கள் செய்து காட்டுங்கள், போதும். வாயு சேகரிக்கப் போக்குக் குழாய்தான் தேவையென்றால் நேரான கண்ணாடித் துண்டு இரண்டையும் ஒரு இறப்பர்க் குழாயையும் கொண்டே வேலை முடிந்துவிடும், வளைக்கவே வேண்டாம். உயர்தரப் பிள்ளைகளுக்கு ஒரு நேரத்தில் இரண்டு பேர், மற்றவர்கள் தள்ளி நிற்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி எல்லோருக்கும், பார்த்துக்கொண்டு நிற்பவருக்கும். பின்னல் உள்ளே, ரை உள்ளே, காலில் சப்பாத்து. செருப்போடு வந்தவரை அன்றைக்கு விடாதீர்கள், அழுதாலும்.

மடு, ஆய்வுகூட உதவியாளர்: உடைந்த துண்டுகளை என்ன செய்வது அண்ணை? எங்கள் குப்பையெல்லாம் கிடங்கில் போட்டுக் கொளுத்துவதுதான்.

அந்தக் கிடங்கில் மட்டும் போடாதீர்கள் தம்பி. கடதாசி எரிந்துபோகும், கண்ணாடி சாம்பலுக்குள் கிடக்கும், மழை வந்தால் மேலே வரும், பந்து எடுக்கப் போகிற பிள்ளை வெறுங்காலோடு இறங்கும். மூடியுள்ள பழைய பால்மா ரின் ஒன்றில் ‘உடைந்த கண்ணாடி’ என்று எழுதி வைத்து, நிரம்பினதும் மூடியை ரேப்பால் சுற்றி, குப்பை எடுக்கப் பிரதேச சபை வருகிற இடமென்றால் கையில் கொடுத்துச் சொல்லி அனுப்புங்கள், வராத இடமென்றால் ஒருவரும் கிண்டாத மூலையில் ஆழமாகத் தாழ்த்துவிடுங்கள். நிலத்தில் சிதறினதைத் தும்புத்தடியால் கூட்டின பிறகு ஈரக் கடதாசியால் ஒரு தரம் ஒற்றி எடுங்கள், தூள் அதில்தான் வரும்.