பொரியல், கீரை, கொத்தமல்லி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மழை பிடித்ததிலிருந்து பர்மாவின் பல ஊர்களிலிருந்து வரும் கடிதங்களில் பாதி கீரையும் பீன்ஸும்தான். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். எந்தக் காய், எவ்வளவு, என்ன அடுப்பு என்று எதுவும் எழுதாமல் "சரியாக வரவில்லை" என்று மட்டும் எழுதியவர்களில் ஒருவரை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன்.

வேகும்போதே கொத்தமல்லி போடுகிறேன். மணமே வரவில்லை. (பகோ)

அடுப்பை அணைத்துவிட்டுப் போடுங்கள். இலையின் மணம் ஆவியோடு பறந்துவிடும். வேகவிட்டால் பக்கத்து வீட்டுக்குத்தான் மணக்கும். தண்டைக் குப்பையில் போடாதீர்கள். பொடியாக நறுக்கி, இறக்குவதற்கு ஒரு நிமிடம் முன்னால் சேர்த்தால் இலையை விட நன்றாக இருக்கும். புதினாவும் பின்செயின் என்கிற துளசி வகையும் கடைசியில்தான், அதுவும் கையால் கிள்ளி. நறுக்கி வைத்தால் கறுத்துப்போகும். ஷான் நன்னன் என்கிற நீள இலைக் கொத்தமல்லி தடித்த இலை, சூட்டைக் கொஞ்சம் தாங்கும். ஆனால் முரட்டு மணம், பாதி அளவு போதும். கறிவேப்பிலை மட்டும் நேர் எதிர். அதைச் சூடான எண்ணெயில் போட்டால்தான் மணம் இறங்கும்.

சின்பவுங் (புளிச்சகீரை) வதக்கினால் காக்கி நிறமாகிவிடுகிறது. பச்சையாகவே இருக்க வழி உண்டா? (தன்லின்)

இல்லை. புளிச்சகீரையின் புளிப்பே அதன் பச்சையைக் கெடுக்கிறது. காக்கி நிறத்தோடு ருசியாகச் சாப்பிடுங்கள். அலுமினியச் சட்டியில் மட்டும் வதக்காதீர்கள், புளிப்பு பாத்திரத்தை அரிக்கும்.

பீன்ஸ் பொரியல் பச்சைப் பசேல் என்று இருக்க ஒரு சிட்டிகை சோடா போடச் சொல்கிறார்கள். எவ்வளவு போடலாம்? (ரங்கூன், மூன்று பேர்)

ஒன்றும் போடக் கூடாது. எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி திரும்ப வருகிறது. எங்கிருந்து வருகிறது என்றும் தெரியும்: கல்யாண வீட்டுச் சமையல். விடியற்காலை 4 மணிக்கு 20 வீசை (சுமார் 33 கிலோ) பீன்ஸை ஒரே அண்டாவில் கொட்டி, மூடி போட்டு வேகவைத்து, மதியம் 12 மணிக்குப் பந்தியில் வைக்க வேண்டும். சோடா போடாவிட்டால் அதற்குள் மங்கிய காக்கி நிறம் வந்துவிடும். சமையல்காரருக்கு வேறு வழி தெரியவில்லை, போடுகிறார். வீட்டில் கால் வீசை பீன்ஸ் வதக்குகிற உங்களுக்கு அது எதற்கு?

காய்க்குள்ளேயே கொஞ்சம் அமிலம் இருக்கிறது. வேகும்போது அது வெளியே வந்து, பச்சையம் என்கிற பொருளில் இருக்கும் மெக்னீசியத்தைப் பிடுங்கிவிடும். நிறம் மங்குவது அதனால்தான். சோடா அந்த அமிலத்தை அடக்கிவிடுகிறது, உண்மைதான். கூடவே காயின் செல் சுவரையும் கரைத்துவிடுகிறது. அழுத்தினால் நசுங்கும், வாயில் சோப்பு மாதிரி வழுக்கும், வைட்டமின் சி-யும் பி1-உம் பெருமளவு போய்விடும். பார்க்கப் பச்சை, தின்ன மண்.

செய்ய வேண்டியது இதுதான். அகலமான சட்டி, பெரிய தீ. மூடி போடாதீர்கள்: அமிலத்தில் கொஞ்சம் ஆவியோடு போகிறது, மூடினால் அது தண்ணீராகத் திரும்பச் சட்டிக்குள்ளேயே விழுகிறது. 5 நிமிடத்தில் பீன்ஸ் வெந்துவிடும், 7 தாண்டினால் நிறம் போகத் தொடங்கும். எலுமிச்சை பிழிவது அணைத்த பிறகு, பரிமாறும் நேரத்தில். விருந்துக்கு என்றால் காலையில் கொதிக்கிற உப்புத் தண்ணீரில் 3 நிமிடம் போட்டு எடுத்து, தாம்பாளத்தில் பரப்பி ஆறவிடுங்கள். குவித்து வைத்தால் உள்சூட்டிலேயே வெந்து குழையும். தாளிப்பது பந்திக்குக் கால் மணி முன்னால். இதைச் சமையல்காரரிடம் சொன்னால் ஆள் போதாது என்பார். ஒரு ஆளைக் கூடப் போடச் சொல்லுங்கள், சோடாவைப் போடச் சொல்லாதீர்கள்.

பொரியல் கசக்கிறது, ஏன்? (ஊர் எழுதவில்லை)

என்ன காய் என்றும் எழுதவில்லை. பாகற்காய் என்றால் கசக்கத்தான் செய்யும். மற்றபடி பூண்டு அல்லது மஞ்சள் தூள் கருகியிருக்கும். பூண்டு பொன்னிறம் வரும் முன்பே காயைக் கொட்டுங்கள்.

கசூன் கீரை (வள்ளைக்கீரை) தண்ணீர் விட்டுக்கொண்டு கொழகொழ என்று ஆகிறது. (மோல்மேன்)

கழுவி வடியவிடாமல் போடுகிறீர்கள், அதோடு தீயும் குறைவு. தண்டையும் இலையையும் பிரித்துக்கொள்ளுங்கள். எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் நசுக்கிய பூண்டு, கீறிய பச்சை மிளகாய், உடனே தண்டு. ஒரு நிமிடம் கழித்து இலை. இன்னொரு நிமிடத்தில் இறக்கிவிடலாம். உப்பு கடைசியில். இதையும் மூடாதீர்கள். ஒரு கட்டுக்கு மேல் ஒரே சட்டியில் போடவும் வேண்டாம், இரண்டு தடவையாக வதக்கலாம். குட்டைத் தண்ணீரில் வளரும் கீரை என்பதால் பச்சையாகத் தின்னவே கூடாது. மழைக்காலத்தில் உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, அப்புறம் மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள்.

எந்த எண்ணெய்? (மாந்தலே)

கடலை எண்ணெய். கடலை விளையும் மக்வே பக்கமே உங்களுக்கு அருகில்தான், செக்கில் ஆட்டியது கிடைத்தால் அதை வாங்குங்கள். நல்லெண்ணெய் கீரை மசியலுக்கு நல்லது, பீன்ஸுக்குக் கனம். பனை எண்ணெய் கலந்ததை விலை குறைவு என்று வாங்கிவிட்டு மணம் வரவில்லை என்று எனக்கு எழுதாதீர்கள்.

அளவாகச் சொல்லுங்கள். நீளப் பயறு, நான்கு பேருக்கு. (ரங்கூன்)

25 டிக்கல் போதும், 400 கிராம் வரும். எண்ணெய் 2 தேக்கரண்டி, கடுகு, உளுந்து, கறிவேப்பிலை ஒரு இணுக்கு, சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி. பயறு வெந்ததும் தேங்காய்ப்பூ ஒரு கைப்பிடி, கொத்தமல்லி அதே அளவு. சிறகவரைக்கும் இதே அளவுதான்; அதைச் சரிவாக மெல்லிசாக அரிந்தால் 3 நிமிடத்தில் ஆகிவிடும்.

கரண்ட் இல்லாத நேரத்தில் கரி அடுப்பில் செய்தால் வேகவே மாட்டேன் என்கிறது. (ரங்கூன்)

கரி வெளுத்துக் கனன்ற பிறகு சட்டியை வையுங்கள். புகையும்போதே அவசரப்பட்டு வைத்தால் காய் வதங்காது, அவியும். காயையும் பாதி பாதியாகப் போடுங்கள். வேகவில்லை என்று மூடிவிடாதீர்கள்.

கட்டுக் கொத்தமல்லி ஒரே நாளில் அழுகுகிறது. (பகோ)

வேரோடு வாங்குங்கள். மஞ்சள் இலையைக் கிள்ளிவிட்டு, கழுவாமல், வேர் மட்டும் நனையும்படி டம்ளர் தண்ணீரில் நிறுத்தி வையுங்கள். தினம் தண்ணீர் மாற்றினால் 3, 4 நாள் நிற்கும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் ஃப்ரிட்ஜ் இருந்தும் பயனில்லை.

புரட்டாசி சனிக்கிழமையில் கீரைக்கு ஒரு துளி ஙப்பி (புளிக்கவைத்த மீன் அல்லது இறால் விழுது) மட்டும் சேர்க்கலாமா? ருசிக்குத்தான். (தன்லின்)

மீனில் செய்தது, இறாலில் செய்தது, எதுவானாலும் கூடாது. அரைத்த வேர்க்கடலையும் வறுத்த எள்ளும் தூவிப் பாருங்கள்.