தாழ்ப்பாள் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஒரு செயலியில் பேய்க்கதைகள் எழுதிவருகிறேன். கடைசியாக எழுதிய கல்லூரி விடுதிக் கதையை இணைத்திருக்கிறேன். பேயை எவ்வளவு விரிவாக வர்ணித்தாலும் வாசகர்கள் சிரிக்கும் பொம்மையைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். படிப்பவர் கண்முன் பேய் வந்து நிற்கும்படி எழுதுவது எப்படி? தன்மையில் சொல்வதா, படர்க்கையிலா? பேய்க்கதை எழுதுவது மூடநம்பிக்கையை வளர்க்குமா?

கே.

அன்புள்ள கே.,

கடைசிக் கேள்வியை விட்டுவிடுவோம். கதை படித்துவிட்டு யாரும் பேயோட்டியைத் தேடிப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. தன்மையா படர்க்கையா என்பது எழுத உட்கார்ந்தால் தெரிந்துவிடும்.

கதையைப் படித்தேன். முதல் பக்கத்திலேயே 7 'திடீரென்று'. அப்புறம் பல், நகம், கூந்தல், ரத்தம் என்று பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளம் எழுதுவதுபோல ஒரு முழுப் பத்தி. வர்ணித்தால் பயம் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது?

காரைக்கால் அம்மையார் தன் பதிகத்தில் வர்ணிக்காத பேயா? வற்றிய முலை, புடைத்த நரம்பு, குழிந்த வயிறு, நீண்ட பல். அதைத் தாண்டி நீங்களும் நானும் எழுதிவிட முடியாது. அதே பதிகத்தில் ஒரு தாய்ப்பேய் தன் பிள்ளைக்குக் காளி என்று பேர் வைத்து, புழுதி துடைத்து, பால் கொடுத்துவிட்டுப் போகிறது. போன தாயைக் காணாமல் பிள்ளை அழுது அழுதே தூங்கிவிடுகிறது. எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைக்கும். முழுசாகப் பார்த்துவிட்ட பேய் நம் வீட்டு ஆளாகிவிடுகிறது.

அம்மையார் பாடிய சுடலை திருவாலங்காடு. அதை ஒட்டித்தான் பழையனூர், பேயாக அலைந்த நீலியின் ஊர். 7ஆம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் தேவாரத்தில் அவளைப் பற்றிய குறிப்பு வந்துவிடுகிறது. கரண்ட் போன ராத்திரிகளில் எங்கள் ஆச்சி அந்தக் கதையைச் சொல்லுவாள். முன்பிறவியில் தன்னைக் கொன்றவன் வணிகனாகப் பிறந்து அந்த வழியாக வருகிறான். நீலி ஒரு கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர் என் புருஷன், விட்டுட்டுப் போறார்" என்று ஊர்ப் பெரியவர்கள் 70 பேர் முன்னால் நிற்கிறாள். "இவள் பேய்" என்று அவன் கதறுகிறான். குழந்தை இறங்கிப் போய் "அப்பா" என்று அவன் மடியில் ஏறுகிறது.

நீலி எப்படி இருந்தாள் என்று கேட்டால் ஆச்சி யோசிக்கவே மாட்டாள். "உங்க சித்தி மாதிரி லட்சணமா இருப்பா." சித்தி அந்த இருட்டில் எங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். நான் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன்.

அந்த 70 பேரும் நல்லவர்கள், கே. இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். அவனுக்கு ஒன்று ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். மறுநாள் தீயில் இறங்கி அதைக் காப்பாற்றவும் செய்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள்தான் அவன் கையிலிருந்த வாளை வாங்கி வைத்துக்கொண்டு, "குடும்பம்னா நாலும் இருக்கும், பேசித் தீர்த்துக்கோப்பா" என்று இருவரையும் ஒரே அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்துகிறார்கள். அவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் அவன் தப்பி ஓட முயன்றிருப்பான். நல்லவர்கள் கையில் சிக்கியதால் அவனுக்கு வழியே இல்லை. நீலி அவனை எப்படிக் கொன்றாள் என்று ஆச்சி ஒருநாளும் சொன்னதில்லை. "தாழ்ப்பாள் போட்டாச்சு" என்பாள். எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள்.

உங்கள் கதையில் ஒரு விடுதிக் காப்பாளர் வருகிறாரே, நடுராத்திரி ஓடிவரும் பையனை "போய்ப் படுப்பா, நான் வெளியதான் இருக்கேன்" என்று அதே அறைக்குத் திருப்பி அனுப்புபவர். எனக்கு முதுகு சில்லிட்டது அந்த ஒரு வரியில்தான். அந்த மனுஷரை அடுத்த பத்தியிலேயே பேயை விட்டுக் கொன்றுவிட்டீர்களே ஐயா, ஏன்? அவரை விடியும்வரை அந்த வாசலிலேயே உட்காரவையுங்கள். அப்புறம் எனக்கு அனுப்புங்கள்.