ரோபோ வந்த பிறகு தோள்வலி ஏன்?

கிடங்கில் பொருள் எடுக்கும் உங்களிடம் ரோபோ அலமாரியைக் கொண்டுவரத் தொடங்கிய பிறகு, நடை குறைந்தும் தோள் வலிப்பது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். அலமாரியே உங்களிடம் வருவதால், நடக்கும்போது கைக்குக் கிடைத்த ஓய்வு போய்விட்டது. ஷிஃப்ட் முழுக்க அதே அசைவுதான். மேல்தட்டுப் பொருளை எட்டி இழுக்காதீர்கள், படியில் ஏறியே எடுங்கள். வேகம் குறையும், குறையட்டும். கனமானவற்றை இடுப்பு உயரத் தட்டில் வைக்கச் சொல்லுங்கள். அது அலமாரியை நிரப்புபவர் கையில் இருக்கிறது.

வேலை கலிஃபோர்னியாவில் என்கிறீர்களே, அங்கே பெரிய கிடங்குகளுக்கு 2022 முதல், வேலை இலக்குகளைக் கட்டுப்படுத்தும் ஏபி 701 சட்டம் உண்டு. இலக்கால் உணவு, ஓய்வு இடைவேளை பறிபோவதாகக் கருதினால், அந்த இலக்கின் விவரத்தையும் உங்களுடைய கடைசி 90 நாள் வேலை வேகப் பதிவையும் நிறுவனத்திடம் கேளுங்கள். 21 நாளுக்குள் தந்தாக வேண்டும். வலியை 30 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, வேலைக் காயத்துக்கு இழப்பீடு கோரும் டிடபிள்யூசி-1 படிவம் வாங்கிவிடுங்கள். தாமதித்தால் இழப்பீட்டுக்கே சிக்கல்.